டிசைன் ஏஜென்சியிடம் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மசாலாப் பொடி, முறுக்கு, செக்கு எண்ணெய் என்று சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்கத் தொடங்குபவர்கள் பலர் டிசைன் ஏஜென்சிகளை அணுகுகிறார்கள். 40 பக்க பிடிஎஃப் ஒன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் மின்னும் பவுச்களைப் பார்த்ததுமே முன்பணம் போய்விடுகிறது. குறைகள் தெரிவது அந்த டிசைன் அச்சகத்துக்கு வரும்போதுதான். அச்சுக்கு முந்தைய கோப்பு வேலை பார்ப்பவன் என்ற முறையில், முன்பணத்துக்கு முன்பே கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பிடிஎஃப்பில் இருப்பவை பெரும்பாலும் மாக்கப் படங்கள். வெற்றுப் பவுச், வெற்றுப் புட்டி ஆகியவற்றின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எந்த டிசைனையும் அதன்மேல் ஏற்றிக் கடைச் சரக்குபோலக் காட்டிவிடலாம். அதில் தவறில்லை, ஆனால் அது மட்டுமே இருந்தால் உஷாராக வேண்டும். “இதில் எது அச்சாகிக் கடைக்குப் போனது, எங்கே கிடைக்கும்?” என்று கேளுங்கள். ஊர், கடை பெயரோடு பதில் வந்தால் அந்தப் பாக்கெட்டை விலை கொடுத்து வாங்கிவிடுங்கள்.

வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் அழகாகப் போட்டுவிடுவார்கள். டிசைனரின் கைத்திறன் தெரிவது பின்பக்கத்தில்தான். சேர்பொருள்கள், ஊட்டச்சத்து அட்டவணை, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, நுகர்வோர் புகார் முகவரி, பார்கோடு எல்லாம் உள்ளங்கை அளவு இடத்தில் அடங்க வேண்டும். பவுச்சை ஒட்டும் ஓரத்துக்குள் ஏதாவது எழுத்து போயிருக்கிறதா? தேதியும் பேட்ச் எண்ணும் அடிக்க மை பிடிக்கும் வெற்றிடம் விட்டிருக்கிறார்களா? சைவக் குறியின் பச்சை வட்டத்தை டிசைனுக்கு ஒத்துவரவில்லை என்று மெரூன் நிறத்தில் போட்டிருந்தால் அந்த ஏஜென்சிக்கு உணவு லேபிள் விதிகள் தெரியாது என்று அர்த்தம்.

பொடி எழுத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரே கறுப்பு மையில் இருக்க வேண்டும். நான்கு நிறக் கலவையில் போட்டால், ஒரு நிறம் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். பவுச் அச்சில் இதற்குச் செலவும் உண்டு. கிராவ்யூர் என்ற உருளை அச்சு முறையில் நிறத்துக்கு ஒரு சிலிண்டர் செதுக்குகிறார்கள். கறுப்பில் மட்டும் இருக்கும் எழுத்தைத் திருத்த ஒரு சிலிண்டர் மாற்றினால் போதும். கலவையில் இருந்தால் நான்கையும் மாற்ற வேண்டும். உரிம எண்ணோ முகவரியோ மாறாத தொழில் எது?

பார்கோடு அடுத்த சோதனை. கடைகளில் பயன்படும் இயான்-13 பார்கோடின் இயல்பளவு, இருபுற வெற்றிடத்தோடு சேர்த்து 37.29 மி.மீ.க்கு 25.93 மி.மீ. 80 சதவீதம் வரை சுருக்கலாம், அதற்குக் கீழே போனால் சிக்கல். சிவப்புக் கோடுகளும் கூடாது. கடை ஸ்கேனர்கள் பலவற்றின் ஒளியே சிவப்பு என்பதால் சிவப்புக் கோடும் வெள்ளைப் பின்னணியும் அவற்றுக்கு ஒன்றுபோலத் தெரியும். செல்போன் செயலி படித்துவிடக்கூடும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

தமிழில் செய்த வேலையைக் கட்டாயம் கேளுங்கள். ஆங்கிலத்தில் அசத்துபவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் ‘கெ’, ‘கே’ போன்றவற்றின் கொம்பு, எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி (;) தெரியும். (அதைக் கவனிக்காமல் அச்சாகிவிடும் பேனர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை.)

வேலை அவர்களுடையதுதானா என்பதற்கு கூகுள் லென்ஸில் லோகோவைத் தேடிப் பார்ப்பது முதல் படி. அதைவிட உறுதியான வழி, வீடியோ அழைப்பில் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்வது. லேயர்கள் (டிசைனின் அடுக்குகள்) தனித்தனியாக இருக்கின்றனவா, பல மடங்கு பெரிதாக்கினாலும் லோகோவின் ஓரம் கட்டம் கட்டமாக உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களின் பெயர்கள் பட்டியலில் இருந்தால், “இதில் நீங்கள் செய்தது எது?” என்று கேட்க வேண்டும். பல நேரம் ஒரு பொங்கல் வாழ்த்துப் படமாக இருக்கும்.

பழைய வாடிக்கையாளர் இருவரிடம் பேசுங்கள். வேலை பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்றே சொல்வார்கள். எத்தனை திருத்தத்துக்குப் பிறகு தனிப் பணம் கேட்டார்கள், மூலக் கோப்பைக் கொடுத்தார்களா, திரையில் பார்த்த நிறம் அச்சில் வந்ததா என்று கேளுங்கள். மூன்று ஏஜென்சிகளிடம் இலவச மாதிரி கேட்பது முறையல்ல, பயனும் இல்லை. இலவசத்துக்கு வருவது டெம்ப்ளேட்தான். பின்பக்க லேபிள் ஒன்றை மட்டும் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம்.

கடைசியாக, உரிமை. பணம் கொடுத்துவிட்டதாலேயே லோகோவின் பதிப்புரிமை நம்முடையதாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் கையெழுத்திட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று கொள்ளப்படும். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஏற்றுமதி செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி வாங்க வேண்டும். கோப்பும் இரண்டு வடிவில் வேண்டும்: எழுத்தைத் திருத்தக்கூடியது ஒன்று, எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றியது ஒன்று. உங்கள் அச்சகக் கணினியில் இரண்டும் சரியாகத் திறந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
அச்சுக்கோப்புப் பணியாளர்,
சிவகாசி.