அந்தப் பறவையைக் கூழைக்கடா வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள்

தமிழில் பறவைக் கையேடுகளும் பாடநூல்களும் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மழைக்காலத்தில் புயல் ஓய்ந்த மறுநாள், எங்கள் கடற்கரையில் ஒரு பறவை ஒதுங்கிக் கிடந்தது. ஆங்கிலத்தில் டிராபிக்பேர்ட் (tropicbird) என்கிறார்கள். வெள்ளை உடம்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புக் கோடு, வாலில் ஈர்க்குச்சி போல நீண்ட இரண்டு இறகுகள். எழுந்து நிற்கப் பார்த்து, நெஞ்சடித்து விழுந்தது. காலில் அடி என்று நினைத்தோம். கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் அதற்கு நடக்கவே வராது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கையேட்டைப் புரட்டினால், ஃபேத்தான் பேரினம், கூழைக்கடா வரிசை (வரிசை என்றால் பல பறவைக் குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு) என்று போட்டிருக்கிறது. பழைய கணக்கு அது. அதற்கும் காரணம் உண்டு. வாத்தின் காலைப் பாருங்கள், முன்விரல் மூன்றுக்கு நடுவில்தான் சவ்வு இருக்கும். கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, இந்தப் பறவை எல்லாவற்றுக்கும் பின்விரலையும் சேர்த்து நான்கையும் சவ்வு இணைக்கிறது. அந்தக் காலை வைத்து எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் குஞ்சைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. கூழைக்கடாவும் நீர்க்காகமும் முட்டையிலிருந்து வெறும் தோலோடு வரும். இதன் குஞ்சு புசுபுசுவென்று தூவி போர்த்திக்கொண்டே பிறக்கிறது.

2014-இல் 48 பறவை இனங்களின் முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. அதன்படி இதற்கு நெருங்கிய சொந்தம், தென் அமெரிக்கக் காட்டு ஓடைகளில் இரை தேடும் சன்பிட்டர்ன். அந்தச் சன்பிட்டர்னின் உடன்பிறப்பு, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காட்டுத் தரையில் திரியும் ககு. பறக்க முடியாத பறவை அது! நடுக்கடலில் பறந்தே வாழும் ஒரு பறவைக்கு இப்படி ஒரு சொந்தமா என்று அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது இதன் மூன்று இனங்களுக்கும் தனி வரிசை, ஃபேத்தான்டிஃபார்மிஸ். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வேறு வரிசைக்குப் போயாயிற்று. கூழைக்கடாவோடு இன்று கொக்கும் அரிவாள் மூக்கனும் நிற்கின்றன. வேடந்தாங்கலில் பக்கத்துப் பக்கத்தில் கூடு கட்டும் இவை உண்மையிலேயே உறவுக்காரர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னால் எவ்வளவு ஆசையாகக் கேட்பார்கள்!

அடுத்த பதிப்பில் வரிசையின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். காலையும் குஞ்சையும் படமாகப் போடுங்கள். ஏன் மாறியது என்று நான்கு வரி எழுதுங்கள். சரி, தமிழில் இதற்கு என்ன பெயர் வைப்பது? நாற்காலியில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம். ஆழ்கடலுக்குப் போகும் மீனவர்களிடம் படத்தைக் காட்டி முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
கடற்கரையூர் வாசகர் ஒருவர்