கடல் தெரியும் அறைக்குப் பணம் வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது தொடர்பாக

திருச்சி,
02.06.2025

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. இதையாவது மனுஷர் யாராவது படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மே 11, 12 இரண்டு இரவுகளுக்கு உங்கள் கன்னியாகுமரி விடுதியில் 'சன்ரைஸ் டீலக்ஸ்' அறையை மார்ச் மாதமே பதிவு செய்தேன். ஒரு நாளுக்கு 2,400 ரூபாய், 12 சதவீத ஜிஎஸ்டியோடு மொத்தம் 5,376 ரூபாயும் அப்போதே கட்டியாகிவிட்டது. அந்த அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கனி, இரண்டு பிரம்பு நாற்காலி, எதிரே விவேகானந்தர் பாறை, பக்கத்தில் வள்ளுவர். உங்கள் இணையதளத்தில் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது.

எங்களுக்குக் கொடுத்த 304ஆம் அறையில் சன்னலைத் திறந்தால் பக்கத்து லாட்ஜின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ராத்திரி அது நிரம்பி வழிகிற சத்தம் கொஞ்சம் அலை மாதிரி கேட்டது. கடல் என்று எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

என் அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் வலியால் படி இறங்கிக் கடற்கரை வரை நடக்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சூரிய உதயம் பார்க்கட்டும் என்றுதான் இந்த அறையைத் தேடிப் பிடித்தேன். அதுவும் மே 12 சித்ரா பௌர்ணமி. மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா ஏறும் நாள். அன்றைக்குக் குமரியில் அறை என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கா தெரியாது? என் அறையை யாருக்கோ கூடுதல் விலைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். இல்லை என்றால் பதிவேட்டைக் காட்டுங்கள்.

ரிசப்ஷனில் இருந்தவரை என்னால் மறக்க முடியாது. கட்டம் போட்ட சட்டை, காதில் ப்ளூடூத். போனில் ரசீதைக் காட்டினேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சூரியன் எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். ரூம்ல இருந்து பாத்தா என்ன, ரோட்ல நின்னு பாத்தா என்ன?" பக்கத்தில் நின்ற இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அம்மா "விடுப்பா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தார். 22 நாள் ஆகியும் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை.

ரயில் நிலையம் பக்கம் இருக்கும் உங்கள் இன்னொரு கட்டடத்துக்குப் போனால் மேனேஜர் அறையை மாற்றித் தருவார் என்று அனுப்பியதும் அவர்தான். மே மாதத்து ஒரு மணி வெயில். ஆட்டோவுக்குப் போக வர 200 ரூபாய். அங்கே, "மேனேஜர் நாகர்கோவில் போயிருக்கார், மூணு மணிக்கு வாங்க." மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் 200. "அது ஆன்லைன் புக்கிங், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." இதை முதல் தடவையே சொன்னால் வாய் வலிக்குமா? திரும்பி வருவதற்குள் படகு டிக்கெட் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். மறுநாள் பௌர்ணமிக் கூட்டத்தில் வரிசையின் வாலைக்கூடப் பார்க்க முடியவில்லை. கண்ணாடிப் பாலத்தில் நடக்கப் போகிறேன் என்று திருச்சியிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்த என் மகள், அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு ஊர் திரும்பினாள்.

வெந்நீரைச் சொல்ல மறந்துவிட்டேன். 6 முதல் 8 வரை என்று போர்டு மட்டும் இருந்தது. வரி வாங்கியதற்கு பில் கேட்டால் வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள், ஜிஎஸ்டி எண் கிடையாது.

உங்கள் கஸ்டமர் கேரில் 14ஆம் தேதி பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். 7 வேலை நாளில் பணம் வந்துவிடும் என்றார். 26ஆம் தேதி பேசியவரோ, "நீங்க ரூம்ல தங்கிட்டீங்க, அதனால கம்ப்ளெயின்ட் குளோஸ்" என்றார். தங்காமல்? ஊரே நிரம்பிக் கிடக்கும்போது அம்மாவை அழைத்துக்கொண்டு ராத்திரி எங்கே போவது? கேட்டேன், லைன் கட்.

5,376 ரூபாயும், ஆட்டோவுக்கு 400 ரூபாயும், மன உளைச்சலுக்கு 50,000 ரூபாயும் வேண்டும். 50,000 அதிகமாகத் தெரியலாம். எங்கள் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு பயணம்தான், அது முழுவதையும் நீங்கள் பாழாக்கிவிட்டீர்கள்.

ஜூன் 15க்குள் தாங்கள் நல்ல முடிவு எடுப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அப்புறம் திருச்சி நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. நாகர்கோவிலுக்கு நான் வர வேண்டாம். உங்கள் ஆட்கள்தான் திருச்சிக்கு வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
304ஆம் அறையில் தங்க வைக்கப்பட்டவன்

பி.கு.: 12ஆம் தேதி காலை 6 மணிக்கு சன்னல் வழியாக எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். தொட்டி மூடியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும். அதற்குப் பின்னால் இருப்பதுதான் கிழக்கு.