ஒப்படைத்த பிறகும் 60 நாள் உண்டு

ஆசிரியருக்கு,

எதிர்பாராத கர்ப்பம் என்றதும் கலைப்பது, அரசின் தொட்டில் குழந்தைத் திட்டத் தொட்டிலில் போடுவது என்ற இரண்டோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சட்டப்படி குழந்தையை அரசின் குழந்தைகள் நலக் குழுவிடம் தத்துக்காக ஒப்படைக்கலாம் என்பது மருத்துவமனை ஊழியர்கள் பலருக்கே தெரியவில்லை. குழந்தையை விலை பேசி விற்கும் புரோக்கர்கள் நுழைவது அந்த இடத்தில்தான். 2019இல் ராசிபுரத்திலிருந்து வெளிவந்த ஆடியோவில் கேட்டது அந்தப் பேரத்தைத்தான்.

கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்புதல் தர வேண்டும்; மணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கெடு தாண்டியவர்களும், கலைக்க விரும்பாதவர்களும் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம், அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகலாம். வயிற்றில் இருக்கும்போதே எழுதி வாங்கும் பத்திரம் செல்லாது. பிறந்த பிறகு குழந்தையோடு குழந்தைகள் நலக் குழு முன்பு வர வேண்டும். முதலில் ஆலோசனை, பிறகுதான் கையெழுத்து. மணமாகாதவர் என்றால் தாய் மட்டும் போதும். தம்பதி என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். தாய்க்கு 18 வயது ஆகவில்லை என்றால் உடன் வரும் பெரியவர் சாட்சியாகக் கையெழுத்திடுவார். அப்போது போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்பு) சட்டப்படி மருத்துவமனை போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பெண் மீது வழக்கு வரும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். அதன் பிறகுதான் தத்துக்கு உரியது என்று குழு அறிவிக்கும். தாயின் பெயர் வெளியே வராது. குழந்தை பெரியவனாகி வேரைத் தேடினாலும் பெற்றவளின் அந்தரங்கத்தை மீற முடியாது. வளர்க்க ஆசை இருந்தும் பணம்தான் தடை என்றால், ஒப்படைக்கும் முன்பே அரசின் மாத நிதியாதரவு பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

புரோக்கர் வழியில் இதில் எதுவும் இல்லை. வாங்குகிறவளின் பெயரில் அட்மிஷன் போட்டு, பிறப்புச் சான்றிதழும் அவள் பெயரிலேயே வாங்குகிறார்கள். பிறகு பெற்றவள் எதை வைத்துக் கேட்பாள்? கேஸ் ஷீட்டில் வேறொருத்தியின் ரத்தப் பிரிவு இருக்கும்போது பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து. (பிக்மி எனப்படும் அரசின் கர்ப்பப் பதிவு எண் எடுக்கவில்லை என்று அரசு மருத்துவமனை பிரசவம் பார்க்க மறுக்க முடியாது, ஒளிந்து போகத் தேவையே இல்லை.) குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் 5 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் அபராதம். மருத்துவமனை ஊழியர் என்றால் 3 முதல் 7 ஆண்டு. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி உறவுக்குள் பத்திரம் பதிந்து கொடுப்பது வேறு. அதிலும் பணம் கைமாறக் கூடாது.

எல்லாப் பிரசவ வார்டுகளிலும் 1098 என்ற எண்ணையும் 60 நாள் விவரத்தையும் எழுதி ஒட்ட சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்கள், சேலம்