பெர்சென்ட்டைப் பாத்து வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ப பத்திரிகை மருத்துவப் பக்கத்துல சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால்னு நெறைய வருது, தவறாம படிக்கிறோம். ஆனா எங்க தோட்டத்து டவுன்ல வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு டப்பாவுல கெடக்கற சாலிசிலிக் ஆசிட் பத்தி யாரும் எழுதி நான் பாக்கல, அதான் இந்தக் கடிதம்.

பிள்ளைங்க பருவுக்குப் போடற ஃபேஸ் வாஷ்ல அதுதான் இருக்கு, படைக்குத் தடவற களிம்புலயும் அதுதான், செம்பனைப் பழம் வெட்டுறவங்க கால் ஆணிக்கு, அதான் மாத்தா இக்கானுக்கு, ஒட்டுற வட்ட பிளாஸ்டர்லயும் அதேதான். எல்லாமே சில வெள்ளிக்குக் கெடைக்குது, யாருக்கு எதுக்குன்னு கடையில ஒருத்தரும் கேக்கறதில்ல. ஆனா முகத்துக்குப் போடறதுல பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள்ளதான் இருக்கும், படைக்குத் தடவற விட்ஃபீல்ட் களிம்புல 3, மருவுக்கு வைக்கற சொட்டு மருந்துல 17, ஆணி பிளாஸ்டர்ல 40 சதவீதம். 2க்கும் 40க்கும் எவ்ளோ தூரம் பாருங்க.

இந்த ஆசிட் செய்யற வேல என்னன்னா, மேல்தோல்ல செத்த செல்லுங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிருக்கற பிடிப்பைத் தளர்த்தி விட்டுடும். தண்ணியில லேசுல கரையாது, எண்ணெயில ஒத்துப் போகும், அதனாலதான் எண்ணெய் அடைச்ச பருத் துவாரத்துக்குள்ள எறங்குது. அளவு ஏறினா செத்த தோலு எது உயிருள்ள தோலு எதுன்னு அதுக்குத் தெரியாது.

எங்க பக்கத்து வீட்டு மாமா செம்பனைத் தோட்டத்துல பழம் வெட்டுறவரு, நாள் பூரா ரப்பர் பூட்ஸுக்குள்ள கால் ஊறிக் கெடக்கும், சுண்டுவிரல் ஓரத்துல ஆணி. பிளாஸ்டரை ஒட்டிக்கிட்டு அப்படியே பூட்ஸை மாட்டிட்டுப் போயிட்டாரு, வேர்வையில மருந்து நகந்து நல்ல தோல் மேல உக்காந்துருச்சு, அந்த எடம் வெள்ளவெளேர்னு ஊறி உரிஞ்சே வந்துருச்சு ஆனா அவருக்கு வலியே தெரியல, ஏன்னா சர்க்கரையில கால் ஏற்கெனவே மரத்துப் போயிருந்தது. மாமி ஸ்டோக்கிங்கைத் தொவைக்கறப்போ ரத்தக்கறையைப் பாத்துட்டுத்தான் விஷயமே வெளிய வந்துச்சு. அப்புறம் மாசக்கணக்குல கிளினிக்குக்கு டிரஸ்ஸிங் அலைச்சல். சர்க்கரை உள்ளவங்க, காலுக்கு ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாதுன்னு பெட்டியிலயே போட்டிருக்கு, எறும்பு சைஸ் எழுத்துல. 2019ல மலேசிய அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதார ஆய்வுல நாட்டுல பெரியவங்க 100 பேருல 18 பேருக்கு சர்க்கரைன்னு வந்துச்சு, நம்ப இந்தியர்கள்ல அதைவிட ரொம்ப அதிகம், அப்போ எறும்பு எழுத்து போதுமா ஐயா?

இந்த ஆசிட்டோட குடும்பம் பெருசு. வில்லோன்னு குளிர் நாட்டு மரம், அதோட பட்டை காய்ச்சலுக்குக் கேக்குதுன்னு 1763லயே எட்வர்ட் ஸ்டோன்னு இங்கிலாந்து பாதிரியார் ஒருத்தரு ராயல் சொசைட்டிக்கு எழுதினாரு. அப்புறம் ஜெர்மனியில கோல்பேங்கற வேதியியல் விஞ்ஞானி, ஃபீனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் சேத்து மரமே இல்லாம சாலிசிலிக் ஆசிட் செய்யற வழியைக் கண்டுபிடிச்சாரு. குடிச்சா வயித்தைப் புண்ணாக்குது, அதனால அசிட்டைல் சேத்து 1897ல பேயர் கம்பெனியில ஹோஃப்மன் செஞ்சதுதான் ஆஸ்பிரின். அதே ஆசிட்டோட மெத்தனாலைச் சேத்தா மெத்தில் சாலிசிலேட், நம்ப வீட்டுத் தைல வாசனை பாதி அதுதான்.

தைலத்தைத்தான் நான் முக்கியமா சொல்லணும். பாட்டிங்க தலமாட்டுல, தொட்டில் பக்கத்துல, மூடியைக்கூட சரியா மூடாம வச்சிருப்பாங்க, வாசனை இனிப்பா வேற இருக்கும். சுத்தமான மெத்தில் சாலிசிலேட் ஒரு டீஸ்பூன் குடிக்கறது, 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் 20 மாத்திரைக்கு மேல முழுங்கறதுக்குச் சமம். கடைத் தைலத்துல அவ்ளோ இருக்காதுதான், ஆனா நடை பழகற குழந்தைக்கு ஒரு வாயே ஆபத்து. வாந்தி, வேக வேகமா மூச்சு, காதுல இரைச்சல்னு ஆரம்பிச்சு வலிப்பு வரைக்கும் போகும். குடிச்சது தெரிஞ்சா வாந்தி எடுக்க வைக்காதீங்க, பாட்டிலையும் எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி.

அதே மாதிரி காய்ச்சல்னா ஆஸ்பிரின் வேணாம். டெங்கியா இருந்தா ரத்தம் உறையறதைக் கெடுத்து ரத்தக்கசிவைக் கூட்டிடும், பிள்ளைங்களுக்கு ரேய் சின்ட்ரோம்னு மூளையையும் ஈரலையும் தாக்கற வியாதியும் வரலாம். பாரசிட்டமோல்தான், அதுவும் அளவோட.

நான் இந்த ஆசிட்டுக்கு எதிரி கெடையாது. வெதுவெதுப்பான தண்ணியில காலை ஊற வச்சு, செத்த தோலைத் தேச்சு எடுத்துட்டு, சுத்தி நல்ல தோலுக்கு வேசலின் தடவி, பிளாஸ்டரை ஆணி சைஸுக்கு வெட்டி ஒட்டினா நல்லாவே கேக்குது. பார்மசிக்காரங்களே, வாங்க வர்றவங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டுட்டுக் குடுங்க. பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, பேர் இல்லாத டப்பாவுல விக்கற பரு கிரீமை வாங்காதீங்க, பதிவான மருந்துன்னா MALன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், அழகுப் பொருள்னா NOTன்னு ஆரம்பிக்கற நம்பர் இருக்கும், திருப்பிப் பாருங்க.

ஆசிரியர் ஐயா, இந்த 2, 3, 17, 40 கணக்கை ஒரு பெட்டிச் செய்தியா, பெரிய எழுத்துல, ஞாயிறு பதிப்புல போட்டீங்கன்னா நாங்க வெட்டி எடுத்து தோட்டத்துக் கடைங்கள்லயும் கோயில் நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டிடுவோம்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட்