16 அவுன்ஸ் என்று அச்சிட்டு 13 அவுன்ஸ் அனுப்பியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 16 அவுன்ஸ் எனக் குறிக்கப்பட்ட குத்துச்சண்டைக் கையுறைகள் இரண்டு முறையும் எடை குறைவாக வந்தமை, பணத்தைத் திருப்பித் தரவும், அதே தயாரிப்புத் தொகுதியில் வாங்கிய பிறருக்குத் தெரிவிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் இணையக் கடையில் ஸ்பாரிங் பயிற்சிக்கென்று (இருவர் எதிரெதிரே நின்று அடித்துப் பழகுவது) விற்கப்படும் 16 அவுன்ஸ் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன். அது எடை குறைவாக இருந்ததால் திருப்பி அனுப்பினேன். அதற்கு மாற்றாக 26 நாள் கழித்து வந்து சேர்ந்த ஜோடியும் எடை குறைவாகவே இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் தங்கள் சாட் சேவையில் நான்கு பேரிடம் நான்கு முறை முதலிலிருந்து கதையைச் சொல்லி அலுத்துப்போன நிலையில், நடந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்பதே மேல் என்று இக்கடிதத்தை அனுப்புகிறேன்.

எனக்கு வயது 43. பகல் முழுவதும் கணினி முன் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. தற்காப்புக்கு ஏதாவது தெரிந்திருக்கட்டும் என்று நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன்; அந்தக் காரணம் எப்போது பின்னால் போனது என்று தெரியவில்லை, இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் அங்கே போகாவிட்டால் அந்த வாரமே சரியில்லாதது போலிருக்கிறது. போட்டிக்குப் போகும் எண்ணம் எனக்கு இல்லை, என்னோடு பயிலும் பெரும்பாலானோருக்கும் இல்லை. மறுநாள் காலையில் வேலைக்கும் வகுப்புக்கும் போக வேண்டியவர்கள் நாங்கள். ஆகவே எங்களுக்கு ஸ்பாரிங் என்பது பாதி வேகம், கால்வாசி பலம். குத்துப்பையை அடிக்க 12 அவுன்ஸ் கையுறை போதும், ஆனால் எதிரே ஆள் நின்றால் 16 அவுன்ஸுக்குக் குறைந்து யாரும் கையுறை மாட்டக் கூடாது என்பது எங்கள் மாஸ்டர் வைத்திருக்கும் விதி. அந்த விதிக்காகவே தங்கள் கையுறையை வாங்கினேன்.

முதல் ஜோடியோடு ஸ்பாரிங் செய்த இரண்டாம் நாள் அது நடந்தது. எதிரே நின்றவர் என்னைவிட 15 வயது இளைய பெண். மூன்று ஆண்டுகளாக என்னோடு சேர்ந்து பயில்பவர், ஒருவர் கை எப்படி வரும் என்று மற்றவருக்கு மனப்பாடம். மூன்றாவது சுற்றில் நான் விட்ட வலது கை நேர்க்குத்து அவருடைய இடது கன்னத்து எலும்பில் பட்டது. அதே பலத்தில் அதே குத்தை அவர் மீது இதற்கு முன் நூறு முறையாவது விட்டிருப்பேன், அவரும் சிரித்துக்கொண்டே அடுத்ததற்குத் தயாராகியிருப்பார். இம்முறை கையைக் கீழே இறக்கிவிட்டு நின்றார். பல்லைக் காக்கும் மவுத் கார்டைக் கழற்றிவிட்டு, "அக்கா, இன்னைக்கு உங்க கை என்ன இவ்ளோ கெட்டியா விழுது?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது. அன்றிரவே கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் அவர் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றுமில்லை.

மூன்று நாள் வரை தவறு என்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையில் இருந்த எரிச்சலை அறியாமல் கையில் கொண்டுவந்துவிட்டேனோ, பலத்தை அடக்கத் தெரியாத வயதா இது என்றெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். அடுத்த வகுப்பில் ஸ்பாரிங் வேண்டாம் என்று ஒதுங்கி நின்றபோது மாஸ்டர் கையுறையை வாங்கிப் பார்த்தார். விரல் முட்டி படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உள்ளே கை நுழைத்திருந்த எனக்கு அவர் விரல் நுனி எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. பிறகு என்னுடைய பழைய ஜோடியிலும் அதையே செய்தார். நான்கு ஆண்டுகள் அடிபட்டுத் தோல் உரிந்த அந்தக் கையுறையில் அவர் அழுத்துவதே எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஓர் அவுன்ஸ் என்பது 28.35 கிராம், ஆகவே 16 அவுன்ஸ் கையுறை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 454 கிராம் இருக்க வேண்டும். தங்கள் வலது கையுறை 371 கிராம், இடது கையுறை 362 கிராம். அதாவது 13 அவுன்ஸ். வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பான என் பழைய ஜோடி 449, 451 கிராம் காட்டியது. வீட்டுத் தராசை நம்ப முடியாது என்று தங்கள் ஊழியர் பின்னர் எழுதியதால், அளவுக் குடுவையில் 500 மில்லி தண்ணீர் ஊற்றி, குடுவையின் எடையைக் கழித்தும் சரிபார்த்தேன். 498 கிராம் வந்தது. இரண்டு கிராம் தவறும் தராசை 80, 90 கிராம் தவறுவதாக எந்தக் கணக்கில் சொல்வது?

இந்த 3 அவுன்ஸ் ஒரு பெரிய விஷயமா என்ற தொனி தங்கள் பதில்களில் இருந்ததால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் வெல்டர் எடைப் பிரிவு வரை, அதாவது 147 பவுண்டு வரை 8 அவுன்ஸ் கையுறையும் அதற்கு மேல் 10 அவுன்ஸும் அணிவது பொதுவான நடைமுறை. வெறும் 2 அவுன்ஸ் வித்தியாசத்தை வைத்து வீரர்களையே இரண்டாகப் பிரிக்கும் துறை இது. கையுறைக்குள் இருக்கும் நுரை, குத்தின் தாக்கத்தைச் சற்று நீண்ட நேரத்துக்கும் சற்று அகன்ற பரப்புக்கும் பரப்பிவிடுகிறது. நுரை குறைந்தால் அதே குத்து குறுகிய இடத்தில் சட்டென்று இறங்கும். எந்தக் கையுறையும் மூளை அதிர்வை முற்றிலும் தடுத்துவிடாது என்பது எங்களுக்கும் தெரியும், அதனால்தான் மெதுவாக அடிக்கிறோம். ஆனால் மெதுவாக அடிப்பது என்பதே கையில் எவ்வளவு மெத்தை இருக்கிறது என்ற கணிப்பை வைத்துத்தான். வருடக்கணக்கில் 16 அவுன்ஸுக்குப் பழகிய என் கணிப்பில், தங்கள் அச்செழுத்தை நம்பியதால் பிழை நேர்ந்துவிட்டது.

போட்டியில் கையுறையைக் கட்டாயமாக்கிய குவீன்ஸ்பெரி விதிகள் வெளிவந்தது 1867-இல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குத்துச்சண்டை வீரர் ஜாக் பிராட்டன் தம்மிடம் பயில வந்தவர்களுக்கு மெத்தை வைத்த உறைகளைக் கொடுத்தார். பரிசுச் சண்டை வீரர்கள் வெறுங்கையோடு மோதிக்கொண்டிருந்த காலத்தில், பயில்பவர்களின் முகம் பிழைக்கட்டும் என்பதற்காக வந்தது அந்த உறை. எதிரே நிற்பவருக்காகத் தோன்றிய பொருளை எதிரே நிற்பவருக்கே ஆபத்தாக்கி விற்றிருக்கிறீர்கள் என்பதுதான் என் புகாரின் சாரம். என் விரல் முட்டிக்கு, கையுறைக்குள் சுற்றிக்கொள்ளும் துணிப்பட்டையான ஹேண்ட் ராப் இருக்கிறது, வலித்தால் நான் நிறுத்திக்கொள்வேன். கையுறையை வாங்காத, அதன் விவரத்தைப் படிக்காத, என்மேல் உள்ள நம்பிக்கையில் முகத்தைக் காட்டி நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

இனி, தங்கள் ஊழியர்கள் அளித்த பதில்கள். இயற்கைத் தோலில் எடை சிறிது முன்பின் ஆகும் என்றார் முதலாமவர். தங்கள் விற்பனைப் பக்கமே இக்கையுறை செயற்கைத் தோலால் ஆனது என்கிறது. உபயோகத்தில் எடை குறைந்திருக்கும் என்றார் இரண்டாமவர். வியர்வை குடித்த கையுறை கனக்குமே தவிர இளைக்காது என்பது ஒரு மாதம் பயிற்சி செய்த எவருக்கும் தெரியும். பையைத் திறந்தாலே மூக்குக்கும் தெரியும். 16 என்பது எடை அல்ல, அளவு எண் என்றார் மூன்றாமவர். சட்டைக்கு எண் போடுவது போல வெறும் 16 என்று போட்டிருந்தால் இந்த வாதத்தை யோசித்திருப்பேன். மணிக்கட்டுப் பட்டையில் தங்க நிற எழுத்தில் "16 அவுன்ஸ்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள், அவுன்ஸ் எடையின் அலகு. நான்காமவர் வாக்குவாதம் எதுவும் செய்யாமல், அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்திக்கொள்ளுமாறு ஒரு தள்ளுபடிக் கூப்பனை அனுப்பிவைத்தார். அவர் மரியாதையாகப் பேசினார் என்பதைக் குறிப்பிட வேண்டும். கூப்பனை நான் ஏற்கவில்லை.

மாற்றாக வந்த ஜோடியை உறை பிரித்ததும் தராசில் வைத்தேன். 384 கிராம், 379 கிராம். ஒரு குத்துகூட விடாமல் அலமாரியில் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் படம் எடுப்பதற்காகக் கை நுழைத்தபோது, இடது கையுறையின் உள்துணித் தையல் இரண்டு அங்குலத்துக்கு விட்டுப்போயிற்று. அதன் வழியே தெரிந்தவற்றையும் படம் எடுத்திருக்கிறேன். முட்டிப் பகுதியில் "மூன்று அடுக்கு நுரை" இருப்பதாகத் தங்கள் பக்கம் சொல்கிறது. நான் கண்டது விரல் தடிமனுக்கும் குறைந்த ஒரே ஒரு நுரைத் துண்டு. அதன் பின்னால் நீலமும் மஞ்சளுமாகத் துணிக் கத்தரிப்புகள் திணிக்கப்பட்டிருந்தன. தையற்கடைத் தரையில் மாலையில் கூட்டி அள்ளுவார்களே, அதே போன்ற துணுக்குகள். அவற்றில் ஒன்றில் பொத்தான் துளை இருந்தது. அதை இழுத்துப் பார்த்துவிட்டு, சாட்சியாக இருக்கட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

என் ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று இதை ஒதுக்க வழியில்லை. எங்கள் பயிற்சிக்கூடத்தில் வேறு மூவரிடம் தங்கள் 16 அவுன்ஸ் கையுறை இருக்கிறது. தராசைக் கொண்டுபோய் எல்லாவற்றையும் நிறுத்தபோது ஆறு கையுறைகளில் ஒன்றுகூட 400 கிராமைத் தொடவில்லை. வெவ்வேறு மாதங்களில் வாங்கியவை அவை, ஆனால் மூன்றிலும் உள்பட்டையில் இருக்கும் தொகுதி எண் என்னுடையதோடு ஒத்துப்போகிறது. எண்ணையும் படங்களையும் இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். இப்போது செருப்பு வைக்கும் பலகைக்கு அருகே ஒரு தராசு நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டது. யார் புதுக் கையுறையோடு வந்தாலும் முதலில் அதன்மேல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்கிறார் மாஸ்டர். அச்சிட்ட எண்ணைப் பார்த்தே அனுமதித்துவந்த மனிதர் அவர்.

ஆகவே, கையுறைக்கும் இருமுறை அனுப்பிய செலவுக்கும் நான் கொடுத்த முழுத் தொகையையும், கூப்பனாகவோ கடைக் கணக்கில் வரவாகவோ அல்லாமல், பணமாகவே திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது மாற்று ஜோடி எனக்கு வேண்டாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தொகுதி எண்ணில் கையுறை வாங்கிய அனைவரின் முகவரியும் தங்கள் விற்பனைப் பதிவில் இருக்கும்; அவற்றை ஸ்பாரிங்குக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அவர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், அதுவரை அந்தப் பொருளை விற்பனையிலிருந்து எடுத்துவைக்க வேண்டும். கையுறைகள் அனுப்பப்படுமுன் யாராவது எடை பார்க்கிறார்களா, எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். பத்து, பதினைந்து கிராம் முன்பின் இருப்பதை யாரும் பெரிதுபடுத்த மாட்டோம். குத்துப்பைக்கு மட்டும் என்று சொல்லி 13 அவுன்ஸாகவே இதை விற்றிருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இருந்திருக்காது. தையல் தவிர மற்றபடி வெல்க்ரோ பிடிப்பும் மணிக்கட்டுத் தாங்கலும் நன்றாகவே இருக்கின்றன.

திருப்பி எடுத்துக்கொள்ள ஆள் அனுப்பினால் வலது கையுறையை உடனே கொடுத்துவிடுகிறேன். தையல் விட்ட இடது கையுறையை, மேற்சொன்னவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே ஒப்படைப்பேன். 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். தயவுசெய்து சாட் வழியாக வேண்டாம், பெயரும் பொறுப்பும் குறிப்பிட்டு ஒருவர் கையொப்பமிட்ட கடிதமாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்