கூடுதல் பின்விளக்கு பொருத்தியதால் எரிந்த வயரிங்: இழப்பீடு கேட்டுப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், பொள்ளாச்சி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு
பொருள்: எல்இடி பின்விளக்கு செட்டைத் தவறாகப் பொருத்தியதில் கார் வயரிங் எரிந்தது தொடர்பாக.

ஐயா,

உங்கள் கோவை சர்வீஸ் சென்டரில் என்னுடைய 1964 மாடல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடுதல் பின்விளக்கு செட் ஒன்றைப் பொருத்தினேன். விளக்கு 6,800 ரூபாய், பொருத்தும் கூலி 1,500 ரூபாய். அந்த விளக்கால் வண்டியின் வயரிங் எரிந்துவிட்டது. புகார் சொன்னதற்கு, "வண்டி பழசு, எங்கள் பொறுப்பில்லை" என்று உங்கள் ஆட்கள் கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வண்டிக்கு எதற்குக் கூடுதல் விளக்கு என்று உங்கள் சென்டரிலேயே ஒருவர் கேட்டார். எம்ஜிபி தரையை ஒட்டி ஓடும் இரண்டு சீட்டு வண்டி. பிரேக்குக்குப் பக்கத்துக்கு ஒரு 21 வாட் பல்புதான். கிணத்துக்கடவில் ஒருநாள் தேங்காய் லாரி ஒன்று என் பம்பரை உரசாத குறையாக வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து, "ஏனுங் சார், இத்தனை தாழ வண்டி நிக்கிறது மேலருந்து தெரியவே இல்லீங்க" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கவர்க்கல் பக்கம் பனி இறங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். சாதாரண பல்பையே கூடுதலாகப் போட்டிருக்கலாம்தான். ஆனால் இந்த வண்டியில் கரண்ட் தருவது இப்போதைய வண்டிகளில் இருக்கும் ஆல்டர்னேட்டர் இல்லை, பழைய டைனமோ. அது தருவதே 22 ஆம்பியர். ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது அதன்மேல் மேலும் சுமை ஏற்ற வேண்டாம் என்றுதான் எல்இடி கேட்டேன்.

முக்கியமான விஷயம் இதுதான். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவும் இப்படித்தான். எம்ஜிபி நெகட்டிவ் எர்த்துக்கு மாறியதே 1967 கடைசியில்தான். ஆர்டர் கொடுக்கும் முன்பே இதை உங்கள் வாட்சப் எண்ணுக்கு எழுதி, "இந்த விளக்கு ஒத்துவருமா?" என்று கேட்டேன். "12 வோல்ட் வண்டி எதுவானாலும் பொருந்தும் சார்" என்று பதில் வந்தது. அந்தப் பக்கத்தின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். வண்டியை விட்ட அன்று ஃபிட்டரிடமும் வாயால் சொன்னேன். அவர், "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்றார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதை, எரிந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீசியன் எனக்குக் காட்டினார். உங்கள் விளக்கின் கறுப்பு ஒயர், அதாவது நெகட்டிவ் ஒயர், உள்ளுக்குள்ளேயே அதன் அலுமினியக் கூட்டோடு சேர்ந்திருக்கிறது. நெகட்டிவ் எர்த் வண்டியில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. என் வண்டியில் வழக்கம்போல் கறுப்பு ஒயரைப் பாடியோடு இணைத்தபோது விளக்கு எரியவில்லை. கரண்ட் தலைகீழாக வந்தால் எல்இடி எப்படி எரியும்? உடனே ஃபிட்டர் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது கூடு முழுக்க நெகட்டிவ், அது முடுக்கியிருக்கும் பாடி பாசிட்டிவ். பிரேக்கை மிதித்தால் நேரடி ஷார்ட். பியூஸ் போயிருக்கிறது. அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்க வேண்டும். அவர் செய்தது, போல்ட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டு, பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைத்தது. விளக்கு எரிந்தது. பில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

ஆடும் வண்டியில் டேப் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆழியாறு தாண்டி ஒரு வளைவில் பிரேக் மிதித்தபோது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஓரம்கட்டி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் நின்றது. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில், உங்கள் விளக்கு தொங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டியதில்லை.

"ஒயர் பழசு, அதனால் எரிந்தது" என்ற உங்கள் பதிலை என்னால் ஏற்க முடியாது. உங்கள் விளக்கைப் பொருத்தும் முன்பே முழு வயரிங்கும் புதிதாகச் செய்து போட்டது. அந்த பில்லும் இணைப்பில் இருக்கிறது. எரிந்ததும் எல்லா ஒயரும் இல்லை. பியூஸ் பாக்ஸிலிருந்து பிரேக் சுவிட்சுக்கு வரும் பச்சை ஒயர், அங்கிருந்து பின்னால் போகும் ஊதாக் கோடு போட்ட பச்சை ஒயர், இவைதான் கருகியிருக்கின்றன. அதோடு ஒட்டிப் போன பார்க் லைட்டின் சிவப்பு ஒயரில் மேலுறை மட்டும் உருகியிருக்கிறது. ஹெட்லைட் ஒயர்களில் ஒரு கீறல் இல்லை. வயசானதால் எரிகிற ஒயர், பிரேக் லைட் வழியாகப் பார்த்துத்தான் எரியுமா? மதகைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வாய்க்கால் கரை உடைந்ததற்கு மண் சரியில்லை என்று சொல்வதுபோல் இருக்கிறது. பியூஸ் பாக்ஸில் இருந்த அந்தச் செம்புக் கம்பியை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் காட்டுகிறேன்.

அப்புறம், பின்பக்கத் தகட்டில் போட்ட ஓட்டை. பம்பர் பிராக்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டிலேயே விளக்கை மாட்டுவதாகத்தான் பேச்சு. என்னைக் கேட்காமல் தகட்டில் துளை போட்டு, அளவு தவறிப் போனதும் பக்கத்திலேயே இன்னொன்றும் போட்டிருக்கிறார்கள். இது இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்தபோதிருந்த அதே தகடு. ஒயரை மாற்றிவிடலாம், இதை என்ன செய்வது?

எனக்கு வேண்டியது: விளக்குக்கும் கூலிக்கும் கொடுத்த 8,300 ரூபாய். வயரிங்கையும் பிரேக் சுவிட்சையும் மாற்ற ஆன 14,200 ரூபாய். தகட்டில் உள்ள துளைகளை அடைத்து பெயிண்ட் அடிக்கும் செலவு. அதற்கு நான் சொல்லும் பட்டறையில் நீங்களே நேராகப் பணம் கட்டினாலும் சரி. இன்னொன்றையும் கேட்கிறேன், இதற்குப் பணம் வேண்டாம். பெட்டியின் மேல் "நெகட்டிவ் எர்த் வண்டிகளுக்கு மட்டும்" என்று ஒரு வரி அச்சடியுங்கள். கோவையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. அவிநாசி ரோட்டில் பழைய கார்களுக்கென்று மியூசியமே இருக்கிற ஊர் இது. அடுத்து உங்களிடம் வருகிறவருக்கும் இதே கதி வேண்டாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எழுத்தில் வேண்டும். போனில் வேண்டாம், போனில் பேசியவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். கழற்றிய விளக்குகள் என்னிடம் இருக்கின்றன. பணம் வந்ததும் கூரியரில் அனுப்பிவிடுகிறேன். கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்