கல்குளம் தாலுகா கச்சேரியில் ஒரு மேசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தக்கலையில் 41 வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது வயது 77. எழுதுவதை விட்டு ஆறேழு வருடம் ஆகிறது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பத்திரம் எழுத அல்ல, தங்களிடம் இருக்கிற பத்திரத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி. அப்படிப் படித்துச் சொல்ல எங்கள் தாலுகா ஆபீசில் ஒரு மேசை வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். "பாட்டா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்று பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நாலாக மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. கொல்லம் என்கிற மலையாள ஆண்டுக் கணக்கில் 1098 மீன மாசத்து விலையாதாரம், அதாவது கிரயப் பத்திரம்; பத்திரத்தை ஆதாரம் என்பதுதான் எங்கள் வழக்கு. நம் கணக்கில் 1923 பங்குனி. அன்று எங்கள் பக்கம் திருவிதாங்கூர் ராஜ்ஜியம், அதனால் முழுக்கப் பழைய லிபி மலையாளம், கூட்டெழுத்துக் கையெழுத்து. அவனுடைய தாத்தாவின் அப்பா வாங்கிய 37 சென்ட் புரையிடம், அதாவது வீட்டு மனை. வடக்கே தோடு (ஓடை), தெற்கே நடைவழி, கிழக்கேயும் மேற்கேயும் பக்கத்து விளைகள் (தோட்டங்கள்). பிலாமரம் (பலா) இரண்டு, புளி ஒன்று, தெங்கு பதினாலு என்று மரத்தைக்கூட எண்ணி எழுதியிருந்தது. விலை 350 பணம்; பணம் என்பது அந்தக் காலத்து நாணயம்.

இந்தப் பையன் இதற்கு முன்பே ஒருவரிடம் காசு கொடுத்துத் தமிழில் எழுதி வாங்கியிருக்கிறான். எழுதியவருக்கு மலையாளம் தெரியும், நம்முடைய பழைய ஆதாரம் தெரியாது. 1098 என்று ஒரு வருடம் இருக்க முடியாது, தவறி விழுந்திருக்கும் என்று அவராகவே நினைத்து 1898 ஆக்கிவிட்டார். 350 பணத்தை 350 ரூபாய் ஆக்கிவிட்டார். ஏழு பணம் சேர்ந்தால்தான் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், அப்படிப் பார்த்தால் விலை வெறும் 50 ரூபாய். வருடத்தில் வந்த பிழைதான் பெரிய வினையாகிப்போனது. வாங்கியவர் பிறந்ததே 1901இல் என்று சபையின் ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறது. பிறக்காத ஆள் எப்படி நிலம் வாங்கினார் என்று ஓர் அலுவலகத்தில் மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. வீடு கட்ட லோன் கேட்ட இடத்திலும் மூல ஆதாரம் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். எட்டு மாதம் அலைந்திருக்கிறான். நான் படித்துச் சொல்ல அரைமணி நேரம்தான் ஆனது.

கொல்லம் வருடத்தைக் கிறிஸ்து வருடமாக்குவது பெரிய வித்தை இல்லை. ஆவணி முதல் தேதியிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825. இந்த ஒரு வரி தெரியாததால் எத்தனை குடும்பம் கோர்ட் வாசலில் நிற்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

மாவட்டத்துக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். பஸ்ஸில் ஏறினால் தக்கலை. நகராட்சிக்கும் சட்டமன்றத் தொகுதிக்கும் பத்மநாபபுரம். தாலுகாவுக்குக் கல்குளம். எல்லாம் ஒட்டிக்கிடக்கிற ஒரே ஊர்தான். கல்குளம்தான் பழைய பேர். அங்கே இருக்கிற கொட்டாரத்துக்கு (அரண்மனைக்கு) 1601 என்று வருடம் சொல்வார்கள். திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா அதை விரித்துக் கட்டி, சுற்றிக் கருங்கல் கோட்டையை வலுப்படுத்தி, ஊருக்கே பத்மநாபசுவாமியின் பேரை வைத்தார். 1750இல் நாட்டையே சுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அவருடைய தாசனாக இருந்து ஆண்டார். மற்றவர்களுக்கு அது பக்தி, அரசியல். பத்திரம் எழுதுகிறவனுக்கு அது வேறு மாதிரி மனதில் நிற்கும். ஒரு ராஜ்ஜியத்துக்கே தானாதாரம் எழுதிய நாடு இது. எழுத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த இடத்தில் இன்று எழுத்தைப் படிக்க ஆள் இல்லை.

1795இல் தலைநகரம் திருவனந்தபுரம் போய்விட்டது. அரசர் போனாரே தவிர, கச்சேரியும் கோர்ட்டும் இங்கேயேதான் இருந்தன. அதனால்தான் இது இன்றைக்கும் வழக்குக்கும் கரத்துக்கும் (நிலவரிக்கும்) வந்துபோகிற ஊராக இருக்கிறது. காலையில் தாலுகா ஆபீஸ் பக்கம் வந்து பாருங்கள். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டக்காரரும் குளச்சல் கடற்கரைக்காரரும் ஒரே டீக்கடை பெஞ்சில் கையில் பையோடு உட்கார்ந்திருப்பார்கள். சில வருடத்துக்கு முன் திருவட்டாறு தனித் தாலுகா ஆன பிறகு கூட்டம் கொஞ்சம் குறைந்தது, பையில் இருக்கிற காகிதம் மாறவில்லை. அவர்கள் வைத்திருக்கிற மூல ஆதாரம் பெரும்பாலும் அந்த 350 பணத்து ஆதாரம் மாதிரிதான் இருக்கும்.

கொட்டாரத்தைப் பார்க்க வருகிறவர்கள் ராஜா கதையைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் கோர்ட்டின் கதைதான் பெரிது. 1820களில் தோள்சீலைக் கலவரம் மூண்ட இடங்களில் கல்குளமும் உண்டு, அந்த வழக்கு பத்மநாபபுரம் கோர்ட்டு வரைக்கும் வந்தது. மார்பை மறைக்கிற உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டார்கள். அரசு விளம்பரம் வந்து ஓரளவு தீர்ந்தது 1859 ஜூலையில். அத்தனை வருடம் அடித்த அடியும் போட்ட மனுவும் எங்கேயோ காகிதத்தில்தானே இருக்கும்? நம் முப்பாட்டிகளின் பேர் அதில் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவன் தேடினால்தான் கிடைக்கும்.

ஒரு ஊரில் இத்தனை எழுத்து இருப்பது எனக்கு எப்போதும் அதிசயம். புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கிய டச்சுக் கம்பெனி அதிகாரி. அவர் கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறது. சூஃபி ஞானி தக்கலை பீர்முகமது அப்பா பாடியது தமிழ். ரஜப் மாதத்தில் ஒரு ராத்திரி முழுக்க அவருடைய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவார்கள். சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு போய் வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கோயில் ஏடுகளில் மலையாண்மை என்கிற பழைய எழுத்து. அதை என் ஆசானே விரல் வைத்துத் தடவித் தடவித்தான் படிப்பார். அப்புறம் வீட்டுப் பெட்டியில் மலையாள ஆதாரம். இதில் கல்லுக்கும் பாட்டுக்கும் காவல் இருக்கிறது. பெட்டியில் இருக்கிற காகிதத்துக்கு யாரும் இல்லை.

என் ஆசானைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1966இல் அவரிடம் கையாளாகச் சேர்ந்தேன். மெலிந்த மனிதர், வேட்டிக்கு மேல் எப்போதும் ஒரு மேல்முண்டு. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நேசமணி ஐயா பின்னால் போனவர்களில் அவரும் ஒருவர். 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் செத்தான். அந்த நாள் வந்தால் சோறு சாப்பிட மாட்டார். ஆனால் அந்தக் காலத்திலும் பகல் முழுக்க உட்கார்ந்து மலையாளத்தில் ஆதாரம் எழுதினவர் அவர். சாயங்காலம் தமிழுக்காகக் கூட்டத்துக்குப் போவார். "பாஷை மேல எனக்குச் சண்டை இல்லலே, என் பாஷையில கேக்க விடாததுதான் சண்டை" என்பார். 1956 நவம்பர் 1 வந்து நம் மாவட்டம் பிறந்த பிறகும், கொல்லம் 1132க்கு முந்திய ஆதாரத்தைப் படிக்கத் தெரியாதவனைத் தன் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார். மலையாள 2க்கும் 3க்கும் பழைய கையெழுத்தில் ஒரு சுழிதான் வித்தியாசம். அதை மாற்றிப் படித்ததற்கு ஒருமுறை என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டார். "நீ ஒரு சுழியைத் தின்னா, அவன் ஒரு சென்ட் நிலத்தத் தின்னுருவான்."

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய மலையாளக் காகிதத்தைப் படிக்க ஏற்பாடு வேண்டும் என்று நான் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. தமிழுக்காகச் செத்தவர்களின் மண்ணில் மலையாளத்துக்கு ஆள் போடுவதா என்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரியும். ஆனால் அந்த ஆதாரத்தில் இருப்பது தமிழனுடைய நிலம். தமிழ் பேசினவன் உழைத்து வாங்கிய விளையை, அன்றைக்கு அரசாங்கம் வைத்திருந்த பாஷையில் எழுதி வாங்கினான். எழுத்து வேறாக இருப்பதால் அவன் பேரனுக்கு அது பயன்படாமல் போனால், போராடினவர்கள் வாங்கித் தந்ததில் பாதி கையை விட்டுப் போகிறது.

கேரளாவிலிருந்து ஆள் பிடித்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. அங்கே 1971இல் எழுத்தையே சீர்திருத்திவிட்டார்கள். இப்போதைய பிள்ளைகளுக்குப் பழைய கூட்டெழுத்து சிரமம். அதோடு நம் பக்கத்து ஆதாரத்தில் மலையாள எழுத்தில் நாஞ்சில் தமிழ் ஓடும். விளை, தோடு, பகுதி, தண்டப்பேர், ஒத்தி, குழிக்காணம் எல்லாம் இந்த மண்ணில் நின்று படிக்கிறவனுக்குத்தான் பொருள் பிடிபடும். பணம், சக்கரம், காசு கணக்கும் தெரிய வேண்டும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அதிலும் பிரிட்டிஷ் ரூபாய் என்று எழுதியிருந்தால் இருபத்தெட்டரை.

எனக்குத் தெரிந்து தக்கலையில் இதைத் தடையில்லாமல் படிக்கிறவர்கள் என்னையும் சேர்த்து நாலு பேர். நாலு பேரும் எழுபது தாண்டியவர்கள். ஒருவருக்குப் பார்வை போய்விட்டது. பேரன் எழுத்துக்களை ஒவ்வொன்றாக வரைந்து காட்டச் சொல்லிக் காதால் கேட்டுப் பொருள் சொல்கிறார்.

கொட்டாரத்தைப் பாருங்கள். நம் மாவட்டத்துக்குள் இருந்தும் கேரளத் தொல்லியல் துறை அதைக் கவனித்துக்கொள்கிறது. தரையைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை மூடிப் பராமரிக்கிறார்கள். நவராத்திரிக்கு ராஜாவின் உடைவாள் கை மாறுகிற அன்று இரண்டு மாநில அதிகாரிகளும் வந்து நிற்கிறார்கள். சரஸ்வதி அம்மனையும் குமாரகோவில் முருகனையும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையையும் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை கொடுத்துத் திருவனந்தபுரம் கொண்டுபோகிறார்கள். சரஸ்வதிக்கு இத்தனை சிறப்புச் செய்ய இரண்டு அரசும் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்றால், அவளுடைய எழுத்துக்கும் சேர்ந்து ஏதாவது செய்யலாம். திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் திருவிதாங்கூர் காகிதங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகளை ஒரு ஆறு மாதம் அங்கே அனுப்பினால் கற்றுக்கொண்டு வருவார்கள்.

நான் கேட்பது பெரிய கட்டடமோ பெரிய திட்டமோ இல்லை. வருடாவருடம் தாலுகா கச்சேரியில் ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கை, நடக்கிறது. அந்த நாட்களில் ஒரு ஓரமாக ஒரு மேசை போடுங்கள். பழைய ஆதாரம் வைத்திருக்கிறவர்கள் கொண்டுவரட்டும். படிக்கத் தெரிந்த நாங்கள் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம். பக்கத்தில் வருவாய்த்துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரை உட்கார வையுங்கள். வருகிற ஒவ்வொரு ஆதாரத்தையும் அவர்கள் போட்டோ எடுத்து, நாங்கள் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, கொல்லம் வருடம், சர்வே நம்பர், பகுதி பேர் என்று ஒரு பதிவேட்டில் ஏற்றட்டும். நாலு ஜமாபந்தி இப்படி நடந்தால் அவர்களே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். கல்குளத்தில் சரிப்பட்டால் விளவங்கோட்டுக்கும் கிள்ளியூருக்கும் திருவட்டாறுக்கும் கொண்டுபோகலாம். இது பிடித்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவாக எழுதித் தருகிறேன். மனு எழுதுவது எனக்குக் கைவந்த வேலை.

அந்தப் பையன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருடத்தையும் விலையையும் திருத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பொருள் எழுதிக் கொடுத்தேன். அவன் உடனே போகவில்லை. "பாட்டா, இதுல பிலாமரம்னு எழுதியிருக்கது எது?" என்று கேட்டான். காட்டினேன். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஒண்ணு இப்பவும் நிக்குது" என்றான். அடுத்த வாரம் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு எழுத்துப் படிக்க வருகிறேன் என்று சொல்லிப் போனான். வந்தான். இதுவரை ஐந்து தடவை வந்துவிட்டான். ரெண்டுக்கும் மூணுக்கும் இன்னும் திணறுகிறான்.

மேசை போட்டால் அவனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.